மனுப் பதிவேட்டில் வகையைக் கணினியே பரிந்துரைக்க: கடலோர அலுவலகங்களுக்கு ஒரு வழிகாட்டி

தொண்டியிலிருந்து இராமேஸ்வரம் வழியாக மூக்கையூர் வரை, மீனவர் சங்கம், கடற்பாசி எடுக்கும் பெண்களின் குழு, ஊர்க் கமிட்டி என்று மனுக்களைக் கணினியில் ஏற்றி வைக்கும் சிறு அலுவலகங்களுக்காக இதை எழுதுகிறேன். மனுவைத் தட்டச்சு செய்து சேமிக்கும் இடத்தில் 'வகை' என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் அதை வெறுமையாக விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் 'பிற' என்று போட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து, இலங்கையில் பிடிபட்ட படகு பற்றிக் கொடுத்த மனு என்ன ஆனது என்று அந்தக் குடும்பம் வந்து நிற்கும்போது தேடி எடுக்க வழி இருக்காது. வகை ஒழுங்காக இருந்தால் ஒரு நிமிடத்தில் எடுத்துக் கையில் கொடுத்துவிடலாம்.

மனுவின் வாசகத்தைப் பார்த்து, பொருந்தக்கூடிய மூன்று வகைகளைக் கணினியே முன்வைக்கும்படி செய்ய முடியும். நாம் கையால் வகை குறித்த பழைய மனுக்களைக் காட்டிப் பயிற்சி கொடுத்தால் அது கற்றுக்கொள்ளும். ஒரு சங்க அலுவலகத்துக்காக இதைச் செய்தபோது எனக்குக் கிடைத்த பாடங்கள் எல்லாம் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே தமிழுக்குப் போட்டால் எங்கே உடையும் என்று அவற்றில் ஒரு வரியும் இல்லை. அந்த இடங்களைக் கண்டுபிடிக்கத்தான் பெரும்பாலான நேரம் போனது. உங்களுக்கு அந்த நேரம் போக வேண்டாம். பைத்தான் நிரல்மொழி கொஞ்சம் எழுதத் தெரிந்த ஒருவரும், மனுக்களை வருடக்கணக்கில் கையாண்ட ஒருவரும் உங்களுடன் இருந்தால் போதும். இருவரில் இரண்டாமவர்தான் முக்கியம்.

1. கணினியைத் தொடும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் ஆவணம், சங்கத்தின் தீர்மானம். பழைய மனுக்களை யார் படிக்கலாம், எந்தக் கணினியில் வைக்கலாம், வெளியே எதற்கெல்லாம் கொடுக்கக் கூடாது என்று கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதைச் சடங்காக நினைக்க வேண்டாம். மனுக்களில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் எல்லாம் இருக்கும். சில மனுக்களில் காணாமல் போனவரின் குடும்ப விவரம் இருக்கும். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டிருக்கிறது.

வகையைப் பரிந்துரைக்க இந்த விவரம் எதுவும் தேவையில்லை. மனுவின் பொருள் வரியும் உடலும் மட்டும் போதும். அதனால் தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணை வையுங்கள். ஒன்றில் மனுதாரர் விவரம், மற்றதில் மனு வாசகம், இரண்டுக்கும் பொதுவாக ஒரு மனு எண். ஆதாரில் கடைசி நான்கு இலக்கத்துக்கு மேல் எங்குமே ஏற்ற வேண்டாம்.

இரண்டாவது, பழைய மனுக்கள். 500 இருந்தால் தொடங்கலாம், 1,000 இருந்தால் நல்லது. ஒரு முழு ஆண்டின் மனுக்களாக எடுங்கள். நம் கரையில் மனுக்களுக்கும் பருவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நிவாரண மனு குவியும். வடகிழக்குப் பருவமழையில் புயல், படகு சேதம், கடலரிப்பு. தடைக்காலத்தில்தான் எல்லோருக்கும் ஓய்வு என்று அந்த இரண்டு மாத மனுக்களை மட்டும் ஏற்றிப் பயிற்சி கொடுத்தால், அக்டோபரில் வரும் மனுவுக்கும் கணினி 'தடைக்கால நிவாரணம்' என்றே சொல்லும். அது பார்த்த உலகம் அவ்வளவுதான்.

2. வகைப் பட்டியல்

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். நாற்பது வகை போட்டால் பல வகைகளுக்கு ஏழெட்டு மனுகூடத் தேறாது. ஒரு வகைக்குக் குறைந்தது முப்பது, நாற்பது உதாரணம் இல்லாமல் கணினி எதையும் கற்றுக்கொள்ளாது. பன்னிரண்டு அளவில் தொடங்குங்கள். நாங்கள் வைத்த பட்டியல் இது: தடைக்கால நிவாரணம், டீசல் மானியம், படகுப் பதிவும் உரிமமும், இலங்கையில் பிடிபட்ட படகும் ஆளும், கடலில் விபத்து, காணாமல் போனவர், நல வாரியமும் காப்பீடும், தடைசெய்த வலை பற்றிய புகார், பாசி எடுத்தல், வனத்துறை வழக்கு, துறைமுகமும் தூண்டில் வளைவும், புயல்-கடலரிப்பு இழப்பு, குடிநீரும் மின்சாரமும் சாலையும்.

எது எந்த வகை என்று சண்டை வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மனு யார் மேசைக்குப் போகும்? கடல் அட்டை வைத்திருந்ததாகப் பிடித்த வழக்கில் மனுதாரர் மீனவர், பிடித்த இடம் கடல், ஆனால் மேசை வனத்துறையுடையது. கடல் அட்டை 2001இலிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. பாசி எடுக்கும் பெண்களின் மனுவும் இப்படித்தான் இரண்டாகப் பிரியும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுப் பக்கம் போகவிடாமல் தடுத்ததைப் பற்றிய மனு வனத்துறைக்கு. பாசிக்கு வியாபாரி கொடுக்கும் விலை பற்றியது 'பாசி எடுத்தல்'. இந்த முடிவுகளை ஒரே பக்கத்தில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டுங்கள். பின்னால் வருகிறவருக்கும் அதுதான் ஆதாரம்.

ஊர்ப் பெயரை வகையாக்காதீர்கள். ஊருக்குத் தனிக் கட்டம், வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா) என்பதற்கு இன்னொரு கட்டம். தங்கச்சிமடத்து டீசல் மனுவும் ஏர்வாடி டீசல் மனுவும் ஒரே வகைதான்.

'பிற' என்ற வகை வேண்டுமா? வேண்டும். ஆனால் பட்டியலில் கடைசியில் இருக்கட்டும், அதைத் தேர்ந்தெடுத்தால் ஏன் என்று ஒரு வரி எழுதினால்தான் சேமிக்கவிட வேண்டும். இந்த ஒரு ஏற்பாடே 'பிற'வைப் பெரிதும் குறைத்துவிடும்.

3. எழுத்தைச் சுத்தம் செய்தல்

கணினிக்கு முன்னால் இருக்கும் பழைய கோப்புகள் எல்லாம் யூனிகோடில் இருக்கும் என்று நம்பாதீர்கள். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் இன்னும் நிறைய உண்டு. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். கன்னாபின்னாவென்று வந்தால் அது பழைய குறியீடு. ஓப்பன்-தமிழ் என்ற இலவசப் பைத்தான் நிரல்தொகுப்பில் இவற்றை யூனிகோடுக்கு மாற்றும் வசதி இருக்கிறது. மாற்றியபின் ஒவ்வொரு கோப்பிலும் இரண்டு மூன்று பத்தியைக் கண்ணால் படித்துவிடுங்கள்.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத சிக்கல். 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. அப்படியே விட்டால் 'கொண்டல்' என்று தேடும்போது பாதி மனு வராது. பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற பகுதியில் நார்மலைஸ் என்ற கட்டளை உண்டு. அதில், இரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்.எஃப்.சி என்ற முறையைத் தேர்ந்து எல்லா வாசகத்தையும் ஒருமுறை ஓட்டுங்கள். புதிதாகச் சேமிக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் அதே கட்டளை ஓட வேண்டும்.

எக்செல் வைத்திருப்பவர்களுக்கு: சி.எஸ்.வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியலாம். அப்படியே சேமித்துவிட்டால் மூலமும் போச்சு. டேட்டா பகுதிக்குள் போய், யு.டி.எஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) என்று சொல்லி உள்ளே கொண்டுவாருங்கள். லிபர் ஆபிஸ் திறக்கும்போதே எந்தக் குறியீடு என்று கேட்கும், அது இன்னும் வசதி.

தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் என்றால் 'யு.டி.எஃப்8' என்பதற்குப் பதில் 'யு.டி.எஃப்8எம்பி4' என்று தேர்ந்தெடுங்கள். தமிழ் எழுத்து பழையதிலும் நிற்கும், ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த மனுவில் ஒரு கைகூப்பும் படம் (எமோஜி) இருந்தால் சேமிப்பு அங்கேயே நின்றுவிடும். ஒரே கணினி, ஒரே ஆள் என்றால் எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம் போதும். ஒரே கோப்பு, நகல் எடுப்பதும் எளிது.

கையெழுத்து மனுக்களைப் படமெடுத்துக் கணினியைப் படிக்கச் சொல்வதில் இப்போதைக்கு நேரத்தைச் செலவிட வேண்டாம். அச்செழுத்தைப் படிக்க டெசராக்ட் என்ற மென்பொருள் உதவும். கையெழுத்துக்கு ஒருவர் வாய்விட்டு வாசிக்க, கைப்பேசியின் தமிழ்க் குரல் தட்டச்சில் ஏற்றிப் பிறகு திருத்துவது வேகமான வழி. 'வத்தை', 'ஆவுளியா', 'சங்காயம்' போன்ற நம் கரைச் சொற்களை அது தப்பாகத்தான் எழுதும். அவற்றை அவசியம் திருத்துங்கள், ஏனென்றால் வகையைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் அந்தச் சொற்கள்தான்.

4. கையால் வகை குறித்தல்

இருவர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். முதல் நூறு மனுவை இருவரும் குறித்து, ஒப்பிட்டு, முரண்படும் இடங்களைப் பேசுங்கள். இருவருக்கே ஒத்துப்போகாத வகையைக் கணினி சரியாகச் சொல்ல வழியில்லை. அப்படி வந்தால் வகைக் குறிப்பைத் திருத்துங்கள், இல்லையேல் இரண்டு வகையை ஒன்றாக்குங்கள். அதன்பின் மீதியைப் பங்குபோட்டுக்கொள்ளலாம்.

ஒரே மனுவில் இரண்டு விஷயம் இருப்பது சகஜம். படகு பிடிபட்டது, கூடவே சிறையில் இருப்பவரின் குடும்பத்துக்கு உதவித்தொகை. முதன்மை வகை ஒன்று, துணை வகை ஒன்று என்று இரண்டு நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு முதன்மை வகையை மட்டும் எடுத்தால் போதும்.

5. மாடலைப் பயிற்றுதல்

பழைய மனுக்களைப் பார்த்து வகை சொல்லக் கற்றுக்கொண்ட நிரலைத்தான் மாடல் என்கிறோம். அதைச் செய்ய சைக்கிட்-லேர்ன் என்ற இலவசப் பைத்தான் தொகுப்பு போதும். அதில் டி.எஃப்-ஐ.டி.எஃப் முறையில் (மற்ற மனுக்களில் அரிதாக வரும் சொல்லுக்கு அதிக எடை தரும் முறை) வாசகத்தை எண்களாக்கி, ஒவ்வொரு வகைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற எளிய கணக்கில் கொடுக்கிறோம். தனி கிராஃபிக்ஸ் அட்டை வேண்டாம். 8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினியில் ஆயிரம் மனுவைப் பயிற்ற ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது.

ஆனால் ஒரு பெரிய பொறி இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

இந்தத் தொகுப்பு சொற்களைப் பிரிக்கத் தானாகப் பயன்படுத்தும் விதி, தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணுவதில்லை. அவை வரும் இடத்தில் எல்லாம் சொல்லை வெட்டுகிறது, வெட்டியபின் ஒற்றை எழுத்தாக நிற்பதைத் தூக்கி எறிகிறது. 'வலை' என்பது 'வல' ஆகிவிடும். 'அட்டை' என்பது 'அட' ஆகிவிடும். 'டீசல்' 'சல' ஆகிவிடும். 'மீன்' என்ற சொல்லில் ஒன்றுமே மிஞ்சாது. மீனவர் சங்கத்துத் தரவுத்தளத்தில் 'மீன்' என்ற சொல்லையே கணினி பார்க்காது! பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் அழகாக ஓடும், பரிந்துரையும் வரும், அது ஏன் தப்பாக வருகிறது என்று மட்டும் தெரியாது.

தீர்வு எளிது. அனலைசர் என்ற அமைப்பில் 'வேர்ட்' என்பதை மாற்றி 'சார்_டபிள்யூபி' என்று கொடுங்கள். என்-கிராம் அளவை 2 முதல் 5 வரை வையுங்கள். அப்போது முழுச் சொல்லுக்குப் பதில், சொல்லுக்குள் அடுத்தடுத்து வரும் எழுத்துத் துண்டுகளை அது எடுத்துக்கொள்ளும். தமிழுக்கு இதில் இன்னொரு பெரிய நன்மை: படகை, படகுக்கு, படகில், படகுகளை, விசைப்படகு, நாட்டுப்படகு எல்லாவற்றிலும் 'படக' என்ற துண்டு பொதுவாக வந்துவிடும். வேற்றுமை உருபைப் பிரிக்கும் தனிக் கருவியைத் தேடி அலைய வேண்டாம்.

கூடவே மூன்று சிறு அமைப்புகள். ஸ்ட்ரிப் ஆக்சென்ட்ஸ் என்பதைத் தொடாதீர்கள். அதில் 'யூனிகோட்' என்று கொடுத்தால் புள்ளிகள் எல்லாம் அழிந்துபோகும். கிளாஸ் வெயிட் என்பதை 'பேலன்ஸ்டு' என்று வையுங்கள், நிவாரண மனு அதிகம் இருந்தாலும் சிறிய வகைகள் அமுங்கிப்போகாமல் இருக்க. மாடலைச் சேமிக்கும்போது தொகுப்பின் பதிப்பு எண்ணையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். பிறகு பதிப்பை மாற்றினால் பழைய மாடல் திறக்காமல் போகலாம்.

சொல் பட்டியல் வைத்தே செய்யலாமே, மாடல் எதற்கு என்று கேட்பார்கள். 'அட்டை' என்று வந்தால் கடல் அட்டை என்று விதி எழுதிப் பாருங்கள்: குடும்ப அட்டை, நல வாரிய அட்டை, மீனவர் அடையாள அட்டை எல்லாம் வனத்துறை வழக்கில் போய் விழும். 'தடை' என்றால் தடைக்காலமா, தடைசெய்த இரட்டைமடி வலையா, மின்தடையா? 'டோக்கன்' என்றால் கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டா, ரேஷன் கடை டோக்கனா? பக்கத்தில் இருக்கும் சொற்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும், மாடல் அதைத்தான் செய்கிறது.

பெரிய மொழி மாடல்களை இணையம் வழியாகக் கேட்டால் என்ன? கேட்கலாம், நன்றாகவே சொல்லும். ஆனால் மனு வாசகம் உங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகிறது, ஒவ்வொரு முறைக்கும் கட்டணம், அந்தக் கணக்கில் தமிழ் வாசகம் ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் (இங்கே, வாசகத்தை வெட்டிக் கட்டணம் கணக்கிடும் துண்டு) பிடிக்கும், புயல் நாளில் இணையமும் இருக்காது. சிறு அலுவலகத்துக்கு உள்ளூர்க் கணினியில் ஓடும் சிறிய மாடலே என் தேர்வு.

6. சோதனை

மனுக்களைக் கலைத்துப்போட்டு ஐந்தில் ஒன்றைச் சோதனைக்கு ஒதுக்குங்கள் என்று எல்லாப் பாடமும் சொல்லும். நம் மனுக்களுக்கு அது பொருந்தாது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்காக ஒரே ஆள் எழுதிக்கொடுத்த மனு, பெயரும் படகு எண்ணும் மட்டும் மாறி இருபது முப்பது பேரிடமிருந்து வந்திருக்கும். கலைத்துப்போட்டால் அதே மனு பயிற்சியிலும் இருக்கும், சோதனையிலும் இருக்கும். மதிப்பெண் பிரமாதமாக வரும், அதில் உண்மை இருக்காது. முதலில் ஒரே வார்ப்பில் உள்ள மனுக்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். பிறகு தேதிவாரியாகப் பிரியுங்கள்: ஒவ்வொரு பருவத்திலும் முதலில் வந்தவை பயிற்சிக்கு, கடைசியாக வந்தவை சோதனைக்கு. சோதனைப் பகுதியில் தடைக்காலமும் மழைக்காலமும் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்த மதிப்பெண்ணோடு நிற்காமல் வகைவாரியாகப் பாருங்கள். சரியான வகை முதல் மூன்று பரிந்துரைக்குள் வந்ததா என்பதே உங்கள் அளவுகோல். 'காணாமல் போனவர்' போன்ற வகை எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தவறவிடக் கூடாதது. அதை மட்டும் ஒவ்வொரு மனுவாக எடுத்துச் சரிபாருங்கள்.

இதோடு, சிக்கலான வாக்கியங்களை நீங்களே எழுதி ஒரு சிறு சோதனைத்தாள் வைத்துக்கொள்ளுங்கள். 'பாசிப்பட்டினத்தில் குடிநீர் வரவில்லை' என்பது பாசி எடுத்தலுக்குப் போகக் கூடாது. 'ஊர் சமுதாய மண்டபத்துக்கு மின் இணைப்பு வேண்டும்' என்பதும் 'மண்டபம் விசைப்படகு உரிமம் புதுப்பித்தல்' என்பதும் ஒன்றாகக் கூடாது, பின்னதில் மண்டபம் ஊர்ப் பெயர். ஊர்ப் பெயரான 'மண்டபம் முகாம்', 'மருத்துவ முகாம்' இரண்டையும் சேருங்கள். கடல் பசு என்றும் ஆவுளியா என்றும் இரண்டு விதமாக எழுதிப் பாருங்கள், இரண்டும் வனத்துறைக்கே வர வேண்டும். மாடலை மாற்றும்போதெல்லாம் இந்தத் தாளை ஓட்டுங்கள்.

7. திரையில் எப்படிக் காட்டுவது

மூன்று வகைகளைப் பொத்தான்களாகக் காட்டுங்கள், கீழே முழுப் பட்டியல். முதல் பரிந்துரையை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்காதீர்கள். வைத்தால் தட்டச்சு செய்பவர் எண்டரை அழுத்திக்கொண்டே போவார், கணினி சொன்னதே முடிவாகிவிடும். எந்த வகைக்குமே வாய்ப்பு குறைவாக வந்தால் பரிந்துரை காட்டவே வேண்டாம், பட்டியலை மட்டும் திறந்துவிடுங்கள். அந்த எல்லை எவ்வளவு என்பதைச் சோதனை முடிவைப் பார்த்து நீங்களே வையுங்கள்.

தரவுத்தளத்தில் 'பரிந்துரைத்த வகை', 'இறுதி வகை', 'குறித்தவர்', 'தேதி' என்று நான்கு நெடுவரிசை கட்டாயம். பரிந்துரையும் இறுதி முடிவும் ஒரே நெடுவரிசையில் கலந்துவிட்டால், அடுத்த பயிற்சியில் மாடல் தன் சொல்லையே உண்மை என்று எடுத்துப் படிக்கும்.

8. செலவும் காலமும்

பைத்தான், சைக்கிட்-லேர்ன், எஸ்கியூலைட், லிபர் ஆபிஸ் எல்லாம் இலவசம். செலவு முழுக்க ஆள் நேரம்தான். ஒரு மனுவுக்கு வகை குறிக்க அரை நிமிடம் என்றால் 1,000 மனுவுக்கு எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், நடைமுறையில் இரண்டு நாள் கூலி. தாளிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டுமென்றால் மனுவுக்கு ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்: 1,000 மனுவுக்கு 80 மணி நேரத்துக்கு மேல், அதாவது ஒருவருக்குப் பத்து, பன்னிரண்டு நாள். பட்ஜெட் போடும்போது மென்பொருள் என்று ஒரு தொகை எழுதாமல் தட்டச்சு என்று எழுதுங்கள், கமிட்டிக்கும் புரியும்.

சேமிப்பிடம் ஒரு பிரச்சினையே இல்லை. தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு யு.டி.எஃப்-8இல் மூன்று பைட். ஆயிரம் குறியீடு உள்ள 5,000 மனு சேர்ந்தாலும் 15 எம்பிதான். ஒரு பென்டிரைவில் வாராவாரம் நகல் எடுத்து, அலுவலகத்துக்கு வெளியே, உயரமான இடத்தில் உள்ள ஒரு வீட்டில் வையுங்கள். கடலோர அலுவலகத்தில் தண்ணீர் புகுந்தால் கணினியும் நகலும் சேர்ந்தே போகும்.

9. ஓடத் தொடங்கிய பிறகு

மாதம் ஒருமுறை, பரிந்துரையும் இறுதி வகையும் மாறிய மனுக்களை மட்டும் பட்டியல் எடுத்துப் படியுங்கள். அரை மணி நேர வேலை. புதிய அரசுத் திட்டம் வந்திருந்தால் அதன் பெயர் அங்கே முதலில் தெரியும். ஒரே வகையில் தொடர்ந்து தவறினால் அந்த வகைக்குப் புதிய உதாரணங்களைச் சேருங்கள்.

ஆண்டுக்கு இரண்டு மறுபயிற்சி போதும். ஒன்று ஜூன் கடைசியில், தடைக்கால மனுக்கள் அடங்கிப் படகுகள் கடலுக்குப் போனபின். இன்னொன்று ஜனவரியில், மழைக்காலம் முடிந்ததும். புதிய மாடல் பழையதைவிடச் சோதனைத்தாளில் நன்றாகச் செய்தால் மட்டும் மாற்றுங்கள். பழைய மாடல் கோப்பைத் தேதி போட்டு அதே பென்டிரைவில் வைத்திருங்கள், புதியது தகராறு செய்தால் அன்றைக்கே திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.